பூமலை ஏரிக்கரையில் ஒரு முழுக் காலை: பறவையும் தட்டானும் பார்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிவாக்கில் சிங்கப்பூரில் நாம் பூமலை என்று சொல்லும் தாவரவியல் பூங்காவின் ஈக்கோ ஏரிக்கரைக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். விடியலிலேயே வந்தவர்கள் பைனாகுலரை உறையில் போட்டுக்கொண்டு பசியாறக் கிளம்புவார்கள். வெயில் ஏறிவிட்டது, பறவைகள் அடங்கிவிட்டன, இனி என்ன இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் ரயில் நிலையத்துக்குள் இறங்குகிற அதே நேரத்தில், இரவெல்லாம் கோரைத் தண்டில் ஒட்டிக்கிடந்த தட்டான்களுக்கு உடம்பு சூடேறி ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கும். ஏரியில் இரண்டாம் ஆட்டம் அப்போதுதான் ஆரம்பம்.

நானும் முதல் இரண்டு வருடம் 9 மணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன்தான். பறவை பார்ப்பது ஒரு வேலை, பூச்சி பார்ப்பது வேறு வேலை என்று நினைத்திருந்தேன். ஒரே கரையில் 7 மணியிலிருந்து 11 மணிவரை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இரண்டும் ஒரே கதை என்று புரிந்தது. பறவை ஏன் அந்தக் கிளையில் உட்காருகிறது என்பதற்குப் பல நேரம் பதில் பூச்சியில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியை ஒரே ஒரு காலைப்பொழுதாக எழுதுகிறேன். நேர வரிசைப்படி வாருங்கள்.

எந்த ஏரிக்குப் போவது

பூமலை 1859-இல் தொடங்கப்பட்டது. 2015-இல் யுனெஸ்கோ அதை மரபுடைமைத் தலமாக அறிவித்தது. இன்றைக்கு 82 ஹெக்டர். வடக்கே புக்கிட் தீமா வாசலிலிருந்து தெற்கே தங்ளின் வாசல்வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளமாகப் படுத்திருக்கிற பூங்கா. மூன்று ஏரிகள். தெற்கே ஸ்வான் ஏரி 1866-இல் உருவானது, மூன்றிலும் மூத்தது. நடுவில் சிம்ஃபொனி ஏரி, கச்சேரி மேடையோடு. வடக்கே ஈக்கோ ஏரி.

முதல் தடவை மூன்றையும் சுற்றிவிட வேண்டும் என்று யாருக்கும் ஆசை வரும். வேண்டாம். நடந்து முடிக்கும்போது காலும் வலிக்கும், கண்ணில் எதுவும் நின்றிருக்காது. ஈக்கோ ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். டௌன்டவுன் தடத்தில் லிட்டில் இந்தியாவிலிருந்து மூன்றாவது நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ். நிலையத்தை விட்டு மேலே வந்தால் ஏரி சில நிமிட நடை. கரையோரம் நீர்ச்செடிகள் இருக்கின்றன, மேலே திறந்த வானம், பின்னால் மூங்கிலும் பழமரங்களும். தண்ணீர்ப் பறவை, மரப் பறவை, தட்டான் மூன்றுக்கும் வேண்டியது ஒரே இடத்தில் இருக்கிறது.

ஸ்வான் ஏரிக்கு இரண்டாவது மாதம் போங்கள். நேப்பியர் நிலையத்தில் இறங்கினால் பக்கம். ஏரியின் நடுவே பனைக்குடும்ப மரங்கள் அடர்ந்த சின்னத் தீவு ஒன்று இருக்கிறது. கொக்கு, நாரைகளுக்கு ஒதுங்க நல்ல இடம். அங்கே அன்னத்தைப் பார்த்தால் மகிழ்ச்சியாகப் பாருங்கள், ஆனால் அது கொண்டுவந்து விடப்பட்ட பறவை, குறிப்பேட்டில் காட்டுப் பறவைகளோடு சேர்க்க வேண்டாம். சிம்ஃபொனி ஏரி கச்சேரி கேட்கவும் குடும்பத்தோடு பாய் விரித்து உட்காரவும் அருமையான இடம். நம் வேலைக்குக் கொஞ்சம் சந்தடி அதிகம்.

பூமலை காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு 12 மணிக்கு மூடும். நுழைவுக் கட்டணம் இல்லை. (ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் தனிச் சீட்டு.)

பையில் என்ன வைப்பது

பைனாகுலர் ஒன்று வேண்டும். அதன்மேல் 8×42 என்று போட்டிருந்தால், 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். தொடங்குகிறவர்களுக்கு இந்த அளவுதான் சரி. 10 மடங்கு, 12 மடங்கு என்று போனால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும். கடையில் எல்லாரும் எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்பார்கள். நீங்கள் எவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்று கேளுங்கள். 2 மீட்டருக்குள் இருக்கிற பொருளைத் தெளிவாகக் காட்டுகிற பைனாகுலராக வாங்கினால் அதே கருவியில் தட்டானின் கண்ணையும் பார்க்கலாம். 5 மீட்டருக்கு அப்பால்தான் தெளியும் என்றால் பூச்சிக்கு அது உதவாது.

வாங்கியதும் வீட்டிலேயே சரிசெய்யுங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, இடது கண்ணுக்கு நடுச் சக்கரத்தைத் திருப்பி ஒரு எழுத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இடப்பக்கத்தை மூடி, வலக்கண் வைக்கும் குழலில் இருக்கிற வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். இதை ஒருமுறை செய்தால் போதும். பிறகு நடுச் சக்கரம் மட்டும்தான். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும்.

பலரும் தடுமாறுவது, பறவையைப் பார்த்ததும் தலையைக் குனிந்து பைனாகுலரைத் தேடுவதில்தான். கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காதீர்கள். பார்வை அங்கேயே நிற்க, கருவி கண்ணுக்கு வரட்டும். நாலு நாள் பழகினால் கை தானாகச் செய்யும்.

இன்னொன்று: பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பி, கண் வைக்கும் பக்கத்தை ஒரு பூச்சிக்கு ஓரிரு சென்டிமீட்டர் கிட்டே கொண்டுபோய், பெரிய கண்ணாடி வழியாகப் பாருங்கள். நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி அது. உயிருள்ள தட்டான் அவ்வளவு கிட்டே விடாது, ஆனால் அது விட்டுப்போகிற ஓட்டைப் பார்க்க இது போதும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மற்றபடி தண்ணீர், தொப்பி, குடை, சின்ன நோட்டு, பென்சில். மழையில் பேனா எழுத்து கரையும், பென்சில் கரையாது. கொசு மருந்தைப் புறப்படும் முன்பே தடவிக்கொள்ளுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில்தான். உடை மங்கலான நிறத்தில் இருக்கட்டும்.

உட்காரும் இடம்

முதல் வருடத்தில் ஒரு நாள், ஏரியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கரையில் ஒரு சீன அங்கிள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததிலிருந்து அவர் அசையவில்லை. எங்களுக்குப் பொதுவான மொழி அதிகமில்லை. என்னைப் பார்த்து முகவாயால் தண்ணீர்ப் பக்கம் காட்டினார். அவர் காலடியிலிருந்து 3 மீட்டர் தள்ளி, வேரோடு வேராக, கூனிய முதுகோடு ஒரு சின்னக் கொக்கு. சாம்பலும் பச்சையும் கலந்த முதுகு, கருந்தொப்பி. தோசிக்கொக்கு. மூன்று சுற்றிலும் நான் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்து அந்தக் கொக்கின் கழுத்து அதன் உடம்பைவிட நீளமாக வெளியே பாய்ந்தது, ஒரு குட்டி மீனோடு திரும்பி வந்தது, மறுபடியும் கூனிக்கொண்டது. அன்றிலிருந்து நான் ஏரியைச் சுற்றுவதில்லை.

இடம் தேர்ந்தெடுக்க மூன்றைப் பாருங்கள். தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சியோ கம்போ. கோரை அல்லது புல் அடர்ந்த ஒரு திட்டு. தண்ணீர்மேல் சாய்ந்த ஒரு கிளை. மூன்றும் ஒரே பார்வையில் விழுகிற இடம் கிடைத்தால் அதுதான் உங்கள் இடம். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் நிறம் சரியாகத் தெரியும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் காக்கைதான்.

உட்காரும் முன் தலைக்கு மேலே பாருங்கள். இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து போல ஏதாவது தொங்கினால் அது முசுறு எறும்பின் கூடு. அதன் புழுக்கள் சுரக்கிற பட்டு நூலால் இலைகளை ஒட்டித் தைத்திருக்கும். பார்க்க அழகு, ஆனால் அந்த மரத்தில் சாயக்கூடாது.

7 மணி முதல் 9 மணிவரை: பறவை

சிங்கப்பூரில் வருடம் முழுக்கச் சூரியன் 7 மணியை ஒட்டித்தான் உதிக்கும். முதல் பத்து நிமிடம் கண்ணை மூடிக் கேளுங்கள். குயிலின் குரல் தெரிந்தது. இங்கேயும் அது காக்கைக் கூட்டில்தான் முட்டையிடுகிறது. கரையோரப் புதரிலிருந்து ‘குவாக் குவாக்’ என்று விடாமல் சண்டை பிடிப்பது போலக் கேட்டால் அது கானாங்கோழி. மேலே பலமாகக் ‘கீ கீ கீ’ என்று அடுக்கடுக்காகக் கேட்டால் மீன்கொத்தி.

கானாங்கோழியிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் அது நின்று காட்டும். கருமை முதுகு, முகத்திலிருந்து வயிறுவரை வெள்ளை, வாலடியில் செங்கல் நிறம். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் வாலைச் சொடுக்கும். அம்மா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தபோது இங்கே அழைத்து வந்தேன். பெயர்ப்பலகை, கைப்பேசிச் செயலி எதையும் பார்க்காமல், “இது நம்ம வாய்க்கால் கானாங்கோழிடா, வெள்ளைச் சட்டை போட்டது” என்றார். அன்று மாலைவரை அவர் சொன்ன ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் ஒருமுறை அழைத்து வாருங்கள். ஏரிக்கரையில் வளர்ந்தவர்களிடம் இருக்கிற பெயர்கள் எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை.

எல்லாப் பெயரும் அப்படியே பொருந்தாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புல்தரையில் கும்பலாக நடக்கும் மைனாவைப் பாருங்கள். நம் ஊர் மைனாவுக்கு உடம்பு பழுப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல். இங்கே பெரும்பாலும் பார்ப்பது ஜாவா மைனா. கருஞ்சாம்பல் உடம்பு, மஞ்சள் அலகு, நெற்றியில் குட்டிக் குடுமி, கண்ணைச் சுற்றி மஞ்சள் கிடையாது. கூண்டுப் பறவையாக வந்து இந்தத் தீவையே பிடித்துக்கொண்டது.

மீன்கொத்தியில் பெரும்பாலும் கேட்பதும் பார்ப்பதும் நீலமும் வெள்ளையுமான ஒன்று, கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு. மார்பு மட்டும் வெள்ளையாகவும் தலை செம்பழுப்பாகவும் இருந்தால் அது நம் ஊரிலும் இருக்கிற வெண்தொண்டை மீன்கொத்தி. புறா அளவுக்குப் பெரிதாக, சிவந்த தடித்த அலகோடு ஒன்று வந்தால் அது பெரிய அலகு மீன்கொத்தி; அன்று உங்களுக்கு நல்ல நாள். செப்டம்பருக்குப் பிறகு குருவி அளவில் பளீரென்ற நீலத்தில் ஒன்று தண்ணீரை ஒட்டிக் கோடு போட்டது போலப் பறந்தால், வடக்கேயிருந்து வலசை வந்த சிறிய மீன்கொத்தி. பெயரைப் பார்த்து எல்லாம் மீன்தான் தின்னும் என்று நினைக்க வேண்டாம். முதல் இரண்டும் பல்லி, வெட்டுக்கிளி, நண்டு எது கிடைத்தாலும் பிடிக்கும். பிடித்ததைக் கிளையில் மாறி மாறி அடித்துச் சாகடித்த பிறகே விழுங்கும். அந்த ‘டொக் டொக்’ சத்தத்தை வைத்தே சில நேரம் பறவையைக் கண்டுபிடித்துவிடலாம்.

மரக்கிளையில் வாத்து உட்கார்ந்திருந்தால் கண்ணைத் தேய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. சீழ்க்கைச் சிறகி மரத்தில் உட்காரும் வாத்துதான். பறக்கும்போது பெயருக்கேற்ற சீழ்க்கைச் சத்தம் வரும்.

பெரிய பறவை ஒன்று தலைக்கு மேலே போனால் கழுத்தைப் பாருங்கள். கழுத்தை மடித்துத் தோளுக்குள் வைத்துப் பறந்தால் கொக்கு, நாரை வகை: சாம்பல் நாரை, செந்நாரை, வக்கா. கழுத்தை நீட்டிப் பறந்தால் வேறு குடும்பம். தமிழில் நாரை என்ற சொல்லை இரண்டு குடும்பத்துக்குமே சொல்கிறோம், அதனால் இந்தக் கழுத்து அடையாளம் மிகவும் உதவும். வானத்தில் வட்டமிடுவது செம்பருந்தாகவோ வெண்வயிற்றுக் கடற்கழுகாகவோ இருக்கலாம். தேன்சிட்டு, தையல்சிட்டு, மாங்குயில், பச்சைப்புறா எல்லாம் உங்கள் பின்னால் இருக்கும் மரங்களில் இருக்கும்; முதல் நாளே திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்.

9 மணிக்குப் பிறகு: தட்டான்

இப்போது கிளம்பாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். வெயில் கோரைத் திட்டின்மேல் விழுகிறதா என்று பாருங்கள்.

முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். உட்காரும்போது சிறகை விரித்தே வைத்திருப்பது தட்டான். உடம்பு ஊசி போல மெலிந்து, சிறகைப் பெரும்பாலும் முதுகின்மேல் சேர்த்து மடக்கி வைப்பது ஊசித்தட்டான். தட்டானுக்குக் கண்கள் பெரும்பாலும் தலையுச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசித்தட்டானுக்கு இரண்டு ஓரத்திலும் தள்ளித் தள்ளி இருக்கும். சிங்கப்பூரில் இரண்டும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். முதல் மாதத்துக்கு இந்த ஐந்து போதும்.

சிறகே சிவப்பாக, நுனி மட்டும் கண்ணாடியாக இருப்பது ஒன்று. அதன் ஆண்தான் அப்படி. பெண்ணுக்குப் பழுப்பு உடம்பு. இரண்டாவது, சிறகு கண்ணாடி, உடம்பு மட்டும் மிளகாய்ச் சிவப்பு. மூன்றாவது, திருநீறு பூசியது போல வெளிர்நீல முதுகு. நான்காவது பச்சையும் கருப்பும், இடுப்பு ஒடுங்கி மெலிந்தது. இதைக் கவனியுங்கள், மற்றத் தட்டான்களையே பிடித்துத் தின்னும். ஐந்தாவது பெரியது, கருப்பில் மஞ்சள் பட்டை. தண்ணீருக்கு மேலே நீட்டியிருக்கும் உயரமான குச்சியின் நுனியில் தனியாக உட்கார்ந்திருக்கும், வால் நுனிக்கு அருகே இரண்டு பக்கமும் சின்னத் தகடு போல விரிந்திருக்கும்.

இந்த ஐந்தில் எதைப் பிடித்துக்கொண்டாலும் சரி, அடுத்த அரைமணி அதையே பாருங்கள். நான் சொல்கிற குச்சி உத்தி இதுதான். உங்கள் முன்னால் இருக்கும் குச்சியில் ஒரு ஆண் தட்டான் உட்கார்ந்திருக்கிறது. எழும்பிப் போகிறது. நீங்கள் பின்னால் துரத்த வேண்டாம், பைனாகுலரைக் குச்சி நுனியிலேயே வைத்துத் தெளிவாக்கி வைத்துக்கொண்டு காத்திருங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அதே நுனிக்குத் திரும்பும். அந்தக் கரைத்துண்டு அதன் எல்லை. இன்னொரு ஆண் உள்ளே வந்தால் விரட்டிவிட்டுத் திரும்பும். கொசுவோ ஈயோ பிடித்துக்கொண்டு வந்தால் வாய் அசைவதைக்கூடப் பார்க்கலாம். பூச்சியைப் படம் எடுக்க அலைகிறவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் அலைச்சல் பாதியாகும்.

வெயில் கடுமையாகும்போது அது வாலை மேலே தூக்கிச் சூரியனை நேராகச் சுட்டுவது போல நிற்கும். உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. உச்சி வெயிலில் சில தட்டான்கள் ஏறக்குறையத் தலைகீழாக நிற்பது போலத் தோன்றுவது இதனால்தான். மேகம் வந்து வெயிலை மறைத்தால் பறந்துகொண்டிருந்தவை ஒவ்வொன்றாக உட்கார்ந்துவிடும். அந்த இரண்டு மூன்று நிமிடம்தான் கிட்டே போகச் சரியான நேரம். குனிந்து, மெதுவாக, உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் போங்கள். நிழல் விழுந்த நொடியில் அது இருக்காது.

இரண்டு தட்டான்கள் ஒட்டிக்கொண்டு, சில நேரம் வளையமாக வளைந்து பறப்பதைப் பார்ப்பீர்கள். ஆண் வால் நுனியால் பெண்ணைத் தலைக்குப் பின்னால் பிடித்திருக்கும்; பெண் தன் வாலை முன்னால் வளைத்துச் சேர்ந்திருக்கும். பிரிந்த பிறகும் கண்ணை எடுக்காதீர்கள். பெண் தண்ணீரை ஒட்டித் தாழ்ந்து, வால் நுனியால் தொட்டுத் தொட்டு எழும். ஒவ்வொரு தொடலிலும் முட்டை. ஆண் ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நின்று, வேறு ஆண் வராமல் காவல் காக்கும். ஊரில் சின்ன வயதில் தட்டான் ‘தண்ணி குடிக்குது’ என்று சொல்வோமே, அது இதுதான்.

முட்டையிலிருந்து வருவது சிறகில்லாத நீர்ப்புழு. தண்ணீருக்குள்ளேயே வளரும். கொசுப்புழு, தலைப்பிரட்டை, குட்டி மீன் எதையும் பிடிக்கும். மடங்கியிருக்கும் கீழுதட்டைக் கை போல நீட்டி இரையைக் கவ்வும். வளர்ந்து முடிந்ததும் கோரைத் தண்டில் ஏறி, முதுகு வெடித்து, தட்டானாக வெளியே வருகிறது. அந்த வெற்று ஓடு தண்டிலேயே தங்கிவிடும். தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் தண்டுகளைத் தேடிப் பாருங்கள்: பழுப்பு நிறத்தில், ஆறு காலாலும் தண்டைப் பிடித்தபடி, உள்ளே எதுவுமில்லாமல். முதுகில் ஒரு பிளவு. அந்தப் பிளவில் வெள்ளை நூல் போல நாலைந்து தொங்கும். அது மூச்சுக்குழாயின் உட்தோல். நான் முதலில் சிலந்தி நூல் என்றுதான் நினைத்தேன். பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். கண்ணின் வடிவம்கூட அந்த ஓட்டில் அப்படியே அச்சாக இருக்கும். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப்போக அனுமதி இல்லை.

ஊசித்தட்டானுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். புல்லின் அடிப்பாகத்தில், முழங்காலுக்குக் கீழே பாருங்கள். சுமார் 2 சென்டிமீட்டர்தான் இருக்கும் ஒரு வகையில், பெண் இளமையில் சிவப்பு, முதிர்ந்தால் பச்சை. ஆணுக்கு வயதாக ஆக மார்பில் வெள்ளைப் பொடி பூக்கும். மூன்று வகை பார்த்ததாக நினைத்து எழுதுவோம், மூன்றும் ஒன்றே.

தண்ணீர்மேல் ஓடும் பூச்சிகளையும் ஒரு பார்வை பாருங்கள். ஒவ்வொரு காலும் நீரின் தோலை அழுத்திக் குழி செய்யும். ஆழமில்லாத இடத்தில் அந்தக் குழிகளின் நிழல் தரையில் வட்ட வட்டமாக விழும். பூச்சியைவிட நிழல் பெரிதாக இருக்கும். பூச்செடிப் பக்கம் வண்ணத்துப்பூச்சிகள்: வெந்தய வரியன், எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி. பெயரே அவற்றின் புழு எந்த இலையைத் தின்னும் என்று சொல்லிவிடுகிறது, வெந்தய வரியனைத் தவிர. அதன் புழுவை எருக்கிலையில் தேடுங்கள்.

இரண்டும் சந்திக்கும் இடம்

10 மணிக்குமேல் தட்டான் நிறைந்ததும் மறுபடியும் மேலே பாருங்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் நீலவால் பஞ்சுருட்டான்கள் வந்திருக்கும். அவை போய்விட்ட மாதங்களில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான்கள் இருக்கும். வெளிக்கிளையில் உட்கார்ந்து, எழும்பி ஒரு வளைவு போட்டு, தட்டானோடு அதே கிளைக்குத் திரும்பும். தட்டான் குச்சிக்குத் திரும்புகிறதே, அதே வழக்கம். தேனீயோ குளவியோ கிடைத்தால் கிளையில் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டுத்தான் விழுங்கும். வலசைக் காலத்தில் பழுப்புக் கீச்சானும் இந்த வேட்டையில் சேரும். கண்ணுக்குக் குறுக்கே கருப்புப் பட்டை, கொக்கி அலகு. புதரின் உச்சிக் கொம்பில் தனியாக உட்கார்ந்திருக்கும். தகைவிலான்கள் தண்ணீரை உரசிக்கொண்டு பறக்கும். சில நாள் புல்வெளிக்கு மேலே பொன்னிறத் தட்டான்கள் கூட்டமாக, உட்காராமல் சுற்றும். கடல் தாண்டி வலசை போகும் வகை அது. ‘தட்டான் தாழப் பறந்தால் மழை’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான். இங்கேயும் குடையை எடுத்துக்கொள்வது நல்லது.

குறிப்பேடு

பெயர் தெரியாவிட்டாலும் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: “7:20. கானாங்கோழி 2, பின்னால் கருப்புக் குஞ்சு 3. 8:05. தோசிக்கொக்கு, அதே வேர். 9:30. குச்சியில் சிவப்புச் சிறகு. 9:50. மேகம், எல்லாம் உட்கார்ந்தன. 10:15. குச்சி காலி. 10:20. குச்சிக்கு மேலே கிளையில் பஞ்சுருட்டான்.” நேரம், எண்ணிக்கை, எங்கே, என்ன செய்தது. இந்த நான்கும் இருந்தால் போதும். பெயரை வீட்டுக்கு வந்து தேடிக்கொள்ளலாம். பறவைக்கு ஈபேர்ட், பூச்சிக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்று செயலிகள் இருக்கின்றன, இரண்டும் இலவசம். படம் ஏற்றினால் தெரிந்தவர்கள் திருத்திச் சொல்வார்கள். தேசியப் பூங்காக் கழகம் பறவை, வண்ணத்துப்பூச்சி, தட்டான், நாரைக் கணக்கெடுப்புகளுக்குப் பொதுமக்களைத் தொண்டூழியர்களாகச் சேர்த்துப் பயிற்சியும் தருகிறது. மூன்று மாதம் தனியாகப் பார்த்த பிறகு அதில் சேருங்கள். அதற்குமுன் சேர்ந்தால் பெயர்களின் வேகத்தில் திணறிப்போவீர்கள்.

செய்யக்கூடாதவை

தீனி போடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி முதல் முறை 5,000 வெள்ளிவரை, மறுபடி செய்தால் 10,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். வளர்த்த மீனையோ ஆமையையோ ஏரியில் விடுவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், ரொட்டிக்குப் பழகிய பறவை நம் கையைப் பார்க்குமே தவிர, ஏரியைப் பார்க்காது. பறவையை வரவழைக்கக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்க வேண்டாம். எதிரி வந்ததாக நினைத்து அது கூட்டைவிட்டு வரும். குஞ்சோடு கானாங்கோழியைப் பார்த்தால் இரண்டு எட்டுப் பின்னால் போங்கள். உடும்பு குறுக்கே வந்தால் வழிவிட்டால் போதும், அது அதன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். நீர்நாய்க் குடும்பம் வந்தாலும் அப்படியே, தள்ளி நின்று பாருங்கள். அன்று தண்ணீர்ப் பறவைகள் எல்லாம் எதிர்க்கரைக்குப் போயிருக்கும்.

மழைக்கு ஒரு வார்த்தை. ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையில் விடியலில் திடீரென்று காற்றோடு அடிக்கிற மழைக்குச் சுமத்ரா என்று பெயர். இடி கேட்டால் மரத்தடியில் நிற்காமல் கூரையுள்ள இடத்துக்குப் போய்விடுங்கள். மழை விட்டதும் திரும்பி வாருங்கள். நனைந்த பறவைகள் வெளிக்கிளைகளில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும், ஊசித்தட்டான்கள் புல்லில் துளிகளோடு அசையாமல் இருக்கும்.

11 மணிக்கு வெயில் நன்றாக ஏறிவிடும். கிளம்புமுன் உங்கள் குச்சி கரையில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நோட்டில் சின்னதாகப் படம் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வந்ததும் முதல் வேலையாக அந்த நுனியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள்.